பொனட்டைத் திறந்து பாருங்கோ: பழைய கார் கேள்வி பதில்

2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிப்பாட்டினாப் பிறகு சொந்தப் பாவனைக் கார் திரும்ப வரத் தொடங்கினது 2025 பெப்ரவரியிலதான். வாற புதுக் காருக்கு இருக்கிற வரியைப் பாத்தா எங்கட ஆக்கள்ல கனபேருக்கு அது கிட்டவும் போக ஏலாத விலை, அதால வீட்டில நிக்கிற 25, 30 வருசக் காரைத்தான் இன்னும் கவனமாப் பாத்து ஓடவேண்டியிருக்கு. இந்த மாதம் வந்த கேள்வியெல்லாம் அப்பிடியான கார்களைப் பற்றித்தான். பேர் போடாம ஊரை மட்டும் போட்டிருக்கிறன்.

கேள்வி: அண்ணா, அப்பா வாங்கின கொரோலா 110 தான் இப்ப நான் ஓடுறன். பின்னேரம் காலி வீதி ட்ரபிக்கில நிண்டா பம்பலப்பிட்டி வரமுதலே ஹீட் முள்ளு மேல ஏறுது, ஆனா மாத்தறைக்கு ஹைவேயில போய் வந்தனாங்கள், ஒரு பிரச்சினையும் இல்லை. கராஜில "எங்கட நாட்டுக்கு இது தேவையில்லை" எண்டு தேர்மோஸ்டட்டைக் கழட்டி எறிஞ்சிட்டினம். கொஞ்ச நாள் சரியா இருந்திச்சு, இப்ப திரும்பவும் ஏறுது. இப்ப ஹெட்டை (எஞ்சின்ர மேல் பாகத்தை) கழட்ட வேணுமாம். கழட்டட்டோ?
(வாசகி, வெள்ளவத்தை)

பதில்: இப்ப கழட்ட விடாதேங்கோ தங்கச்சி. உங்கட கேள்விக்குள்ளேயே பாதிப் பதில் இருக்கு. ஹைவேயில ஓடேக்க காத்து தானாவே ரேடியேட்டருக்குள்ளால போகும், ட்ரபிக்கில நிக்கேக்க காத்தை இழுக்கிறது ரேடியேட்டர் பேன் மட்டும்தான், அப்ப ஓடேக்க சூடாகாம நிக்கேக்க சூடாகிற காருக்கு முதல் சந்தேகம் பேன்லதான் வரவேணும். மறுவளமா, ட்ரபிக்கில சரியா நிண்டு, கடுகண்ணாவ ஏத்தத்திலயோ ஹைவேயில 100ல போகேக்கயோ முள்ளு ஏறுதெண்டா ரேடியேட்டர் உள்ளுக்க அடைச்சிருக்கலாம், இல்லாட்டி தண்ணி சுத்துறது காணாது. எப்ப சூடாகுது எண்டு ஒரு வார்த்தை கேக்காம ஹெட்டில கை வைக்கிற வேலை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. சாமான் மாத்துறது லேசு, பிழையைக் கண்டுபிடிக்கிறதுதான் வேலை, அந்த வேலைக்குத்தான் நாங்க காசு குடுக்கிறம்.

வீட்டு வாசல்லயே பாக்கலாம். ஏசியை ஓப் பண்ணிட்டு எஞ்சினை ஸ்டார்ட்டில விடுங்கோ, முள்ளு நடுவுக்கு வந்து கொஞ்ச நேரத்தில பேன் தானா சுத்தவேணும், பிறகு தானா நிக்கவேணும். சுத்தேல்லையெண்டா எஞ்சினை ஓப் பண்ணி, தண்ணிச் சூட்டுக்கு இருக்கிற பேன் சுவிச்சின்ர வயரைக் கழட்டிப்போட்டு சாவியை மட்டும் ஓன் பண்ணிப் பாருங்கோ. 90கள்ல வந்த டொயோட்டாவில கனக்க அந்த வயரைக் கழட்டினாலே பேன் ஓடுற மாதிரித்தான் செஞ்சிருக்கினம். ஓடினா சுவிச் பழுது, அது சின்னச் செலவு. ஓடாட்டி பியூசையும் ரிலேயையும் பாத்துட்டு மோட்டருக்கு நேரா பட்டரியில இருந்து கரன்ட் குடுத்துப் பாக்கச் சொல்லுங்கோ. ஏசி போட்ட உடனே சூடு இறங்குதெண்டா அதுவும் ஒரு துப்புத்தான், ஏசிக்கு இருக்கிற மற்றப் பேன் சுத்துறதால காத்து வருது, மெயின் பேன்தான் படுத்திருக்கு.

இனி தேர்மோஸ்டட், எஞ்சின் சூடானாப் பிறகு தண்ணியை ரேடியேட்டருக்குத் திறந்து விடுற வால்வ். "எங்கட நாடு சூடு, அது குளிர் நாட்டுக்குத்தான்" எண்டு கொழும்பில கனபேர் சொல்லினம், அது பிழை. உங்கட எஞ்சின்ல அது திறக்கிறது 82 பாகைக் கிட்ட, கொழும்பில எவ்வளவு வெயில் எரிச்சாலும் வெளிச்சூடு 82க்கு வராதுதானே. எஞ்சின் கெதியா வேலைச் சூட்டுக்கு வரவும் அந்தச் சூட்டில நிக்கவும்தான் அது இருக்கு. அது இல்லாட்டி எஞ்சின் கனநேரம் சூடு பிடிக்காம ஓடும், பெற்றோல் கூடக் குடிக்கும், சிலிண்டர் தேயும். சில எஞ்சின்ல அதைக் கழட்டினா தண்ணியில ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாம குறுக்கு வழியால திரும்பி வந்திரும், அப்ப இன்னும் கூடத்தான் சூடாகும். புதுசு ஒண்டு பூட்டுங்கோ. பூட்டுறதுக்கு முதல் சட்டியில தண்ணி கொதிக்க வச்சு அதுக்குள்ள போட்டுப் பாருங்கோ, திறக்கவேணும், ஆறினாப் பிறகு மூடவேணும்.

ரேடியேட்டர் மூடியையும் மறக்காதேங்கோ. அது சும்மா மூடி இல்லை, சிஸ்டத்துக்குள்ள 0.9 பார் அளவு பிரஷரைப் பிடிச்சு வச்சிருக்கிறது அதுதான், அந்தப் பிரஷரில தண்ணி 100ல கொதிக்காம 119, 120க்குப் பிறகுதான் கொதிக்கும். மூடியின்ர ரப்பர் வெடிச்சிருந்தா பிரஷர் நிக்காது, தண்ணி ரிசேர்வ் டாங்குக்குப் போய் வழியும், ஆள் ரேடியேட்டரில ஓட்டை தேடிக்கொண்டு நிப்பார். சூட்டோட மூடியை மட்டும் ஒருக்காலும் திறவாதேங்கோ, கையையும் முகத்தையும் அவிச்சுப்போடும். உள்ளுக்க விடுறது கூலன்டா இருக்கட்டும், குழாய்த் தண்ணியும் கிணத்துத் தண்ணியும் அலுமினிய ஹெட்டை அரிக்கும். கலக்க வேண்டி வந்தா பட்டரிக்கு விடுற தண்ணியில கலவுங்கோ.

ஹெட் கஸ்கட் (ஹெட்டுக்கும் எஞ்சின் புளொக்குக்கும் நடுவில இருக்கிற அடைப்புத் தகடு) போயிட்டுதோ எண்டு பாக்கவும் கழட்டத் தேவையில்லை. காலமை எஞ்சின் நல்லா ஆறியிருக்கேக்க மூடியைத் திறந்து தண்ணி நிரப்பி ஸ்டார்ட் பண்ணுங்கோ, விடாம நீர்க்குமிழி வந்துகொண்டே இருந்தா சந்தேகம். ஒயில் மூடிக்கு அடியில பால் தேத்தண்ணிக் கலரில படிஞ்சிருந்தா சந்தேகம். வெளியில ஒரு லீக்கும் இல்லாம தண்ணி குறைஞ்சுகொண்டு வந்தாலும் அப்பிடித்தான். இது ஒண்டும் இல்லையெண்டா ஹெட்டை விடுங்கோ. உண்மையா கழட்டவேண்டி வந்தா, ஹெட் வளைஞ்சிருக்கோ எண்டு நேர்ச்சட்டமும் பீலர் கேஜும் வச்சு உங்களுக்கு முன்னால அளந்து காட்டச் சொல்லுங்கோ. இந்த எஞ்சினுக்கு 0.05 மில்லிமீட்டருக்கு மேல வளைவு இருக்கக்கூடாது.

வழியில சூடேறினா ஏசியை நிப்பாட்டிட்டு ஹீட்டரை புல்லா போட்டு கண்ணாடியை இறக்குங்கோ, ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான், வேர்த்து ஊத்தும் ஆனா எஞ்சின் தப்பும். அப்பவும் ஏறினா ஓரமா நிப்பாட்டிருங்கோ. இன்னும் கொஞ்சத் தூரம்தானே வீடு எண்டு ஓடினபடியால போன ஹெட்டுகள்தான் கராஜில கனக்கக் கிடக்கு.

கேள்வி: தம்பிக்கு வணக்கம். என்கிட்ட ஒரு மொரிஸ் மைனர் 1000 இருக்கு, ஸ்ரீ நம்பர், 1098 எஞ்சின். ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போக மட்டும் எடுக்கிறது. இப்ப பிரேக் மிதிச்சா ஒரு தடவைக்கு கீழ வரைக்கும் போகுது, ரெண்டாந்தரம் மிதிச்சாத்தான் பிடிக்குது. தெரிஞ்ச பையன் "பழைய வண்டிக்கு அப்படித்தாங்க" ன்னு சொல்றான். அதோட புது பட்டரி போட்டதுல ரேடியோ எரிஞ்சு போச்சு. என்ன காரணம்?
(வாசகர், கொட்டாஞ்சேனை)

பதில்: ஐயா, ரேடியோவைப் பிறகு பாப்பம். பிரேக் சரியாகும் வரைக்கும் காரை எடுக்காதேங்கோ, கோயிலுக்கு ஓட்டோவில போங்கோ. பழைய வண்டிக்கு அப்பிடித்தான் எண்டது பச்சைப் பிழை. 1960கள்ல இந்தக் கார் கடையால இறங்கேக்கயும் பிரேக் முதல் மிதியிலதான் பிடிச்சது.

மைனருக்கு பிரேக் லைன் ஒண்டே ஒண்டுதான். பிறகு வந்த கார் மாதிரி ரெண்டாப் பிரிச்சிருக்கிறேல்லை, எங்கயாவது ஒரு இடத்தில ஒயில் போனா நாலு சில்லுக்கும் சேத்துத்தான் போகும். அதில இன்னொரு விசயம், மாஸ்டர் சிலிண்டர் பொனட்டுக்குள்ள இல்லை, ட்ரைவர் கால் வைக்கிற தட்டுக்குக் கீழ சேசிஸுக்குள்ள இருக்கு. கார்ப்பட்டைத் தூக்கி அங்க இருக்கிற மூடியைத் திறந்தாத்தான் ஒயில் எவ்வளவு நிக்குது எண்டு தெரியும். கண்ணில படாத இடம் எண்டபடியால வருசக்கணக்கா ஒருத்தரும் பாக்கிறேல்லை. உங்கடயில ஒயில் குறைஞ்சு காத்துப் போயிருக்கலாம், இல்லாட்டி பிரேக் ஷூ தேய்ஞ்சு அட்ஜஸ்ட் பண்ணாம விட்டிருக்கலாம். ரெண்டாவது மிதியில பிடிக்கிறது பெரும்பாலும் இந்த ரெண்டில ஒண்டாலதான். நாலு ட்ரம்மையும் கழட்டிப் பாக்கச் சொல்லுங்கோ, முன்னுக்கு சில்லுக்கு ரெண்டு சிலிண்டர், பின்னுக்கு ஒவ்வொண்டு, மொத்தம் ஆறு. ஒண்டு ஈரமா இருந்தாலும் ஆறுக்கும் ரப்பரை மாத்துறதுதான் புத்தி, ஏனெண்டா எல்லாம் ஒரே வயசு. மிதிச்சுப் பிடிச்சுக்கொண்டிருக்கேக்க பெடல் மெல்ல மெல்லக் கீழ போகுது, வெளியில ஒரு லீக்கும் இல்லையெண்டா அது மாஸ்டர் சிலிண்டர் ரப்பர்.

கார் மேல ஏறியிருக்கேக்க இன்னொண்டும் பாக்கச் சொல்லுங்கோ. முன் சில்லைத் தாங்கித் திரும்பவிடுற மூட்டில, கீழ, மரை வெட்டின ஒரு ட்ரனியன் இருக்கு, கிரீஸ் இல்லாம அது தேய்ஞ்சா ஒருநாள் சில்லு அப்பிடியே வெளிப்பக்கமா மடங்கி கார் ரோட்டில குந்தியிரும். மைனருக்கு இது உலகம் முழுக்கத் தெரிஞ்ச வருத்தம். 1,000 மைலுக்கு, சுமார் 1,600 கிலோமீட்டருக்கு ஒருக்கா கிரீஸ் அடிக்கவேணும், உங்கட மாதிரி கொஞ்சமா ஓடுற காருக்கு வருசத்தில ரெண்டு மூண்டு தரமாவது அடியுங்கோ, அடிக்கேக்க பழைய கிரீஸ் வெளிய பிதுங்குதோ எண்டு பாக்கவேணும்.

இப்ப ரேடியோ. மைனர் வரேக்க பட்டரியின்ர பிளஸ் பக்கம்தான் கார் பொடிக்கு (தகரத்துக்கு) பூட்டியிருந்தது, பொசிட்டிவ் ஏர்த். இப்ப இருக்கிற பொடியள் பழக்கத்தில மைனஸைப் பொடிக்குப் பூட்டிருவாங்கள். லைட்டுக்கும் ஸ்டார்ட்டருக்கும் ஒண்டும் ஆகாது, ரேடியோ உடனே போயிரும். உங்கட காரை முதல்ல ஆராவது மைனஸ் ஏர்த்துக்கு மாத்தியிருக்கினமோ இல்லையோ எண்டு ரேடியோ பூட்டின விதத்தைப் பாத்து முடிவெடுத்து, பட்டரிக்குப் பக்கத்தில பெயின்ட்டால எழுதி வையுங்கோ, அடுத்த ஆளுக்கு விளங்கும். சாமானுக்குப் பயப்பிடாதேங்கோ, இலங்கையில அடிச்ச மைனர் தகரங்கள் இங்கிலாந்துக்கே போயிருக்கு, இந்தக் காருக்குச் சாமான் கிடைக்கிறது சில புதுக் காரை விட லேசு.

கேள்வி: என்கிட்ட சன்னி எஃப்பி 14, பெற்றோல். டைமிங் பெல்ட் மாத்தி கனகாலம் எண்டு சொல்லி ஒரு இடத்தில பெரிய எஸ்டிமேட் தந்திருக்கினம். மாத்தட்டோ?
(வாசகர், தெஹிவளை)

பதில்: மாத்த அங்க பெல்ட்டே இல்லை. எஃப்பி 14ல வாற ஜிஏ 15 எஞ்சினுக்கு டைமிங் செயின்தான். எஸ்டிமேட் தந்தவை பேன் பெல்ட்டைச் சொல்லியிருக்கலாம், தெரியாமச் சொல்லியிருக்கலாம், எதெண்டாலும் அந்தக் கடுதாசியைத் திரும்பக் குடுத்துட்டு வாங்கோ. செயினுக்கு கிலோமீட்டர் கணக்கில்லை, சத்தம்தான் கணக்கு. காலமை ஸ்டார்ட் பண்ணின உடனே முன்பக்கத்தில கடகட எண்டு கேட்டு பிறகு நிக்குதெண்டா முதல்ல ஒயில் மட்டத்தைப் பாருங்கோ, பிறகு செயினை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனரை. 5,000 கிலோமீட்டருக்கு ஒருக்கா ஒயில் மாத்தினா செயின் கனகாலம் நிக்கும். மேல எழுதின வெள்ளவத்தைத் தங்கச்சியின்ர கொரோலாவுக்குத்தான் பெல்ட், 5ஏ எஞ்சின், அதுக்கு 1,00,000 கிலோமீட்டருக்கு ஒருக்கா மாத்தவேணும், எப்ப மாத்தினது எண்டு தெரியாமக் கார் வாங்கினா வாங்கின கிழமையே மாத்துங்கோ.

கேள்வி: நானா, 95 பெற்றோல் அடிச்சா எஞ்சின் கிளீனாகும், இழுவை கூடும் எண்டு கூட்டாளிமார் சொல்றாங்க. 96ஆம் ஆண்டு ஜப்பான் கார். காசு கூடக் குடுத்து அடிக்கிறது நல்லமா?
(வாசகர், தெமட்டகொட)

பதில்: தேவையில்லை தம்பி. 92, 95 எண்டுற ஒக்டேன் இலக்கம் பெற்றோல் எவ்வளவு சுத்தம் எண்ட கணக்கில்லை, பிளக் வச்ச நெருப்பு பரவி வர முதலே தானா வெடிக்காம எவ்வளவு தாக்குப்பிடிக்கும் எண்ட கணக்கு. ஜப்பான்ல சாதாரணப் பெற்றோலுக்கு அவங்கட தரக்கட்டளை 89க்குக் குறையக்கூடாது எண்டுதான் சொல்லுது, உங்கட கார் அந்தப் பெற்றோலுக்குச் செஞ்சது, எங்கட 92 அதுக்குத் தாராளம். டர்போ இருக்கிற கார், ஹை கொம்பிரஷன் எஞ்சின், பெற்றோல் மூடியில பிரீமியம் எண்டு எழுதியிருக்கிற கார், இதுகளுக்கு 95 அடியுங்கோ.

ஆனா ஏத்தத்தில மிதிக்கேக்க டிக் டிக் எண்டு எஞ்சின் தட்டுது, 95 அடிச்சா நிக்குது எண்டா, அது பெற்றோலின்ர பிழையில்லை. டைமிங்கை (பிளக் நெருப்பு வைக்கிற நேரத்தை) முன்னுக்கு வச்சிருக்கினம், இல்லாட்டி பிஸ்டன் தலையில கரி படிஞ்சிருக்கு, இல்லாட்டி எஞ்சின் கூடச் சூட்டில ஓடுது. அதைத் தேடுங்கோ. மிச்சக் காசுக்கு எயர் பில்டரையும் பிளக்கையும் மாத்துங்கோ, இழுவை அதிலதான் வரும்.

கேள்வி: மரைன் டிரைவ் பக்கம் வீடு. வருசா வருசம் டிங்கரிங் செஞ்சு பெயின்ட் அடிக்கிறம், அடுத்த மழைக்கு அதே இடத்தில கொப்பளம். கடல் காத்துக்கு ஒரு வழியும் இல்லையோ?
(வாசகி, வெள்ளவத்தை)

பதில்: இருக்கு அக்கா, ஆனா அது பெயின்ட்டில இல்லை. கொப்பளம் வாறது வெளியில இருந்து எண்டு நாங்க நினைக்கிறம், உண்மையில துரு உள்பக்கத்தில தொடங்கி, தகரத்தைத் தின்டு முடிச்சுத்தான் பெயின்ட்டைத் தூக்குது. ஒவ்வொரு கதவுக்கும் அடியில தண்ணி வடிய சின்னச் சின்ன ஓட்டை இருக்கு, பின் கதவுக்கும், முன் கண்ணாடிக்குக் கீழ இலை சேர்ற இடத்துக்கும் இருக்கு. அதுகள் மண்ணால அடைச்சிருந்தா மழைத் தண்ணி கதவுக்குள்ள தேங்கி நிக்கும், அதோட கடல் உப்பும் சேரும், பிறகு சொல்லவும் வேணுமோ. இன்டைக்கே ஒரு ஈர்க்கால குத்திப் பாருங்கோ, தண்ணி வந்தா அதுதான் உங்கட வருத்தம்.

கழுவுறதும் அப்பிடித்தான். மேல மினுக்கி மினுக்கிக் கழுவுறம், உப்பு ஒட்டுறது கீழ. ஹோசைப் பிடிச்சு சில்லு வளைவுக்குள்ளயும் அடித்தட்டுக்கும் நல்ல தண்ணி அடியுங்கோ, கிழமைக்கு ஒருக்கா எண்டாலும் காணும். காரை முழுக்கத் துணியால மூடி வைக்கிறது கடற்கரைப் பக்கம் கூடாது, ஈரம் உள்ளுக்கயே நிக்கும், மேல கூரை, பக்கத்தில காத்தோட்டம், அதுதான் நல்லது. அண்டர்கோட் அடிக்கிறதெண்டா துருவை வெள்ளித் தகரம் தெரிய மட்டும் சுரண்டி எடுத்து பிரைமர் அடிச்சாப் பிறகுதான் அடிக்கவேணும். துருவுக்கு மேலயே கறுப்பா அடிச்சு மூடினா வெளியில பாக்க வடிவு, உள்ளுக்க தின்டுகொண்டே போகும், ஜக் வைக்கேக்கதான் தகரம் உள்ள போய் விசயம் தெரியவரும். புட்டி வச்சு மூடுறதும் அதே கதைதான். ஓட்டை விழுந்த இடத்தை வெட்டி எடுத்துப் புதுத் தகரம் ஒட்டச் சொல்லுங்கோ, செலவு கூட, ஆனா ஒருக்காத்தான்.

கேள்வி: 2016 வெள்ளத்தில எங்க வீட்டு வேன் மூழ்கிச்சு, அதிலருந்து மழைன்னாலே பயம். இந்த முறை ரோட்டுல தேங்கின தண்ணிக்குள்ள பழைய லான்சர் நின்னு போச்சு. தண்ணி சீட் வரை வரல. தள்ளிக்கிட்டு வந்து வீட்டுல வச்சிருக்கோம், இன்னும் ஸ்டார்ட் பண்ணல. பண்ணலாமா?
(வாசகர், கொலன்னாவ)

பதில்: ஸ்டார்ட் பண்ணாம விட்டதுதான் நீங்க செஞ்ச பெரிய நல்ல காரியம். 2016 மே மாதம் களனி கங்கை பெருகினநேரம் கொலன்னாவ, வெல்லம்பிட்டிப் பக்கம் தண்ணியில நிண்ட வாகனங்கள் கனக்க, வெள்ளத்தில தப்பின எஞ்சினும் பிறகு அவசரப்பட்டு சாவி திருப்பினதாலயே போகலாம். காரணம் இதுதான், காத்தை அமுக்கலாம், தண்ணியை அமுக்க ஏலாது. சிலிண்டருக்குள்ள தண்ணி நிக்கேக்க பிஸ்டன் மேல வந்தா கனெக்டிங் ரொட் வளையும், பிறகு அது புளொக்கையே உடைக்கும்.

முதல்ல பட்டரி மைனஸைக் கழட்டுங்கோ. எயர் பில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கோ, பில்டர் காய்ஞ்சிருந்தா பாதி நிம்மதி. ஈரமெண்டா நாலு பிளக்கையும் கழட்டிப்போட்டு, எஞ்சினைக் கையால சுத்துங்கோ, பிறகு பட்டரியைக் குடுத்து ஸ்டார்ட்டரால கொஞ்சம் சுத்தினா உள்ள இருக்கிற தண்ணி பிளக் ஓட்டையால பீய்ச்சிக்கொண்டு வரும். இக்னிஷன் கொயில் வயரைக் கழட்டிப்போட்டுத்தான் இதைச் செய்யவேணும், ஓட்டைக்கு நேர முகத்தை வைக்கவும் வேண்டாம். டிப் ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கோ, ஒயில் மட்டம் கூடியிருந்தாலோ வெள்ளையா இருந்தாலோ தண்ணி போயிருக்கு, ஒயிலும் பில்டரும் மாத்தி கொஞ்சம் ஓடவிட்டு திரும்பவும் மாத்துங்கோ. கியர் பெட்டிக்கும் காத்துக் குழாய் ஒண்டு இருக்கு, அதாலயும் தண்ணி போகும், அந்த ஒயிலையும் பாக்கவேணும். டிஸ்ரிபியூட்டர் மூடியைக் கழட்டித் துடைச்சுக் காயவிடுங்கோ, அனேகமா உங்கட கார் நிண்டதே அதில ஈரம் பட்டுத்தான். சில்லு பெயாரிங் கிரீஸும் பிரேக்கும் கடைசியா. கார்ப்பட்டை முழுக்கக் கழட்டி வெயிலில போடாட்டி ஆறு மாசத்தில தட்டு ஓட்டை விழும்.

இன்சூரன்ஸ் மூன்றாம் தரப்பு எண்டா வெள்ளத்துக்கு ஒரு சதமும் வராது. முழுக் காப்புறுதி எண்டாலும் வெள்ளம் அதுக்குள்ள எழுதியிருக்கோ எண்டு பொலிசியை வாசிச்சுப் பாருங்கோ, அடுத்த மழைக்கு முதல்.

கேள்வி: அண்ணே, பள்ளி லீவுக்குப் பிள்ளைகளோட நுவரெலியா போனோம். இறங்குறப்ப ரம்பொடை தாண்டினதும் ஒரு எரிஞ்ச வாசம், அப்புறம் பிரேக் பெடல் பஞ்சு மாதிரி ஆயிடுச்சு, நெஞ்சு பக்குன்னு ஆயிடுச்சு. ஓரமா நிப்பாட்டி ஒரு மணித்தியாலம் போனதும் சரியாயிடுச்சு. கொழும்புல ஒரு குறையும் இல்ல. காட்டணுமா?
(வாசகி, வத்தளை)

பதில்: கட்டாயம் காட்டுங்கோ தங்கச்சி, பிள்ளைகளோட போற கார். ஆறினாப் பிறகு சரியாகிறபடியால கனபேர் இதை மறந்திருவினம், அடுத்த லீவுக்கு அதே பிரேக்கோட திரும்ப ஏறுவினம்.

பிரேக் ஒயில் காத்தில இருக்கிற ஈரத்தை உறிஞ்சும், அது அதின்ர குணம், மூடி இறுக்கமா இருந்தாலும் ரப்பர் ஹோசுக்குள்ளால மெல்ல உறிஞ்சும். டொட் 3 ஒயில் புதுசா இருக்கேக்க குறைஞ்சது 205 பாகை வரை கொதிக்காம நிக்கவேணும், ஈரம் சேந்தாப் பிறகு அது 140க்கு இறங்கலாம். கொழும்பு ட்ரபிக்கில அந்தச் சூடு வராது. நுவரெலியா கடல் மட்டத்தில இருந்து 1,868 மீட்டர், அங்க இருந்து பிரேக்கிலயே காலை வச்சுக்கொண்டு இறங்கினா வரும். ஒயில் கொதிச்சா குழாய்க்குள்ள ஆவி, ஆவியை அமுக்கலாம், அதுதான் பெடல் பஞ்சானது. அதுக்கு முதல் வந்த வாசம் பிரேக் பேட் எரிஞ்ச வாசம்.

ஒயில் முழுக்க எடுத்து டொட் 4 போடச் சொல்லுங்கோ, 230 பாகை, டொட் 3 இருந்த காருக்குத் தாராளமாப் போடலாம், டொட் 5 மட்டும் வேண்டாம், அது சிலிக்கன், வேற சாதி. மேல ஊத்தி நிரப்புறது மாத்துறதில்லை, நாலு சில்லிலயும் பிளீட் பண்ணி புது ஒயில் வருமட்டும் எடுக்கவேணும், 2 வருசத்துக்கு ஒருக்கா. பேட்டில மினுமினுப்பு ஏறியிருந்தா மாத்துங்கோ. கலிப்பர் பின் இறுகி பேட் டிஸ்க்கிலயே ஒட்டிக்கொண்டு நிக்குதோ எண்டும் பாக்கச் சொல்லுங்கோ, ஒரு சில்லு மட்டும் கூடச் சூடா இருந்தா அதுதான்.

இறங்கேக்க ஏறின கியரிலயே இறங்குங்கோ. ஓட்டோ கியர் எண்டா ஓவர்டிரைவை ஓப் பண்ணி 2க்குப் போடுங்கோ, எஞ்சின் சத்தம் போடும், அதுக்கு ஒண்டும் ஆகாது. பிரேக்கை விட்டு விட்டு, பிடிக்கேக்க நல்லாப் பிடியுங்கோ. பெற்றோல் மிச்சம் எண்டு நியூட்ரல்ல இறக்கிற ஆக்களும் இருக்கினம், உங்கட வீட்டில ஆராவது அப்பிடி இருந்தா இந்தப் பக்கத்தை அவருக்கு வாசிச்சுக் காட்டுங்கோ.

கேள்வி: பஞ்சிகாவத்தையில சாமான் வாங்கப் போனா ஒரே சாமானுக்கு நாலு விலை சொல்றாங்க. எதை நம்புறது?
(வாசகர், மட்டக்குளி)

பதில்: நாலு விலைக்கும் நாலு சாமான், பேர் மட்டும்தான் ஒண்டு. கம்பனிப் புதுசு, வேற கம்பனி செஞ்ச நல்ல புதுசு, கம்பனிப் பேரை அச்சடிச்ச டூப்ளிகேட், ஜப்பான்ல கழட்டின ரீகண்டிஷன். எது வேணும் எண்டு முடிவெடுத்துட்டுப் போங்கோ. பழைய சாமானைக் கழுவிக் கையில கொண்டுபோங்கோ, சேசிஸ் நம்பரையும் எழுதிக் கொண்டுபோங்கோ, ஒரே மொடல்ல வருசத்துக்கு வருசம் மாறும். கதவு, லைட், கண்ணாடி, ஒல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர், கியர் பெட்டி, இதுகள் ரீகண்டிஷன்ல நல்லாக் கிடைக்கும். ஆனா ரப்பரும் பிரேக்கும் பெல்ட்டும் ஒருக்காலும் பழசு வாங்காதேங்கோ, போல் ஜொயின்ட்டும் அப்பிடித்தான். பெற்றோல் ஹோசை நான் தனியாச் சொல்லுறன், இன்ஜெக்ஷன் காருக்கு இன்ஜெக்ஷன் ஹோஸ்தான் வேணும், காபரேட்டர் ஹோஸ் அந்தப் பிரஷருக்கு வெடிச்சா நேர சூட்டு எஞ்சினுக்கு மேல பெற்றோல் அடிக்கும், கார் எரியுறது அப்பிடித்தான்.

டயர் வாங்கினா பக்கத்தில நாலு இலக்கம் பாருங்கோ, 2319 எண்டா 2019ஆம் ஆண்டு 23ஆவது கிழமை செஞ்சது. கட்டை எவ்வளவு உயரமா இருந்தாலும் வருசம் போன டயர் மழையில பிடிக்காது. பில் எடுங்கோ, "பூட்டிப் பாத்து சரிவராட்டி மாத்தித் தருவன்" எண்டு பில்லிலயே எழுத வையுங்கோ, நல்ல கடைக்காரர் எழுதித் தருவினம். டெல்கந்தைப் பக்கமும் ஒருக்காப் போய் விலை கேட்டுட்டு வாங்கோ.

கேள்வி: புகைப் பரிசோதனையில பெயில். எச்சி (HC) கூட எண்டு பேப்பர்ல இருக்கு. காபரேட்டர் கார். லைசன்ஸ் திகதி கிட்ட வந்திட்டுது, கெதியாப் பதில் போடுங்கோ.
(வாசகர், கிராண்ட்பாஸ்)

பதில்: பேப்பரை எறியாதேங்கோ, அதில ரெண்டு அளவு இருக்கு, சிஓ (காபன் மொனொக்சைட்), எச்சி (ஹைட்ரோகாபன், எரியாத பெற்றோல்). சிஓ கூட எண்டா பெற்றோல் கூடப் போகுது, சோக் முழுக்கத் திறக்காம நிக்கலாம், எயர் பில்டர் அடைச்சிருக்கலாம், காபரேட்டர் மட்டம் பிழைச்சிருக்கலாம். உங்கடயில சிஓ சரி, எச்சி மட்டும் கூட. அப்ப பெற்றோல் எரியாம வெளிய வருது. பிளக், பிளக் வயர், கொன்டாக்ட் பொயின்ட், டைமிங், இந்த வரிசையில பாருங்கோ. வால்வ் கிளியரன்சும் பாக்கவேணும். வெளியில நீலப் புகை வந்தா ஒயில் எரியுது, அது டியூனிங்கால தீராது. திரும்பப் போகேக்க வீட்டில இருந்து நேர போகாம பேஸ்லைன் ரோட்டில நல்லா ஓடி எஞ்சினைச் சூடாக்கிட்டுப் போங்கோ, வரிசையில நிக்கேக்கயும் எஞ்சினை ஆறவிடாதேங்கோ.